பாம்பன் பழைய பாலத்தின் படங்களை 'தெளிவாக்க' வேண்டாம், ஒழுங்காக ஸ்கேன் செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஏப்ரல் 6 அன்று பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து பழைய பாலத்தின் படங்கள் வாட்ஸ்அப்பில் நிறையச் சுற்றுகின்றன. பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் அண்மையில் எனக்கு வந்த ஒரு படத்தைப் பார்த்து மனம் பதறிவிட்டது. கப்பலுக்கு வழிவிட மேலே எழும் ஷெர்சர் தூக்குப் பகுதியின் குறுக்குச் சட்டங்கள் இடம் மாறியிருந்தன, இரும்பைப் பிணைக்கும் ரிவெட்டுகள் அம்மைத் தழும்பு மாதிரி கண்டபடி சிதறிக் கிடந்தன. யாரோ மங்கிப்போன பிரிண்ட்டைச் செல்போனில் எடுத்து, படத்தைத் தெளிவாக்கும் செயலி ஒன்றில் போட்டிருக்கிறார். செயலிக்குப் புரியாத இடத்திலெல்லாம் அதுவே இரும்பை வரைந்துவிட்டது.

1914 பிப்ரவரியில் திறந்த பாலம் அது. கப்பல் வரும்போது நடுவில் இருந்த இரண்டு இறக்கைகளையும் தொழிலாளர்கள் கையால் நெம்பிச் சுற்றித்தான் மேலே தூக்கினார்கள். புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. அது வேறு விதமான வேலை, வேறு அழகு. பழைய இறக்கைகள் பின்னால் உருண்டபடியே எழுந்த விதத்தை இனி படத்தில்தான் காட்ட முடியும். 2022 டிசம்பருக்குப் பிறகு அதன்மேல் ரயிலே ஓடவில்லை. ஆகவே, வீடுகளில் கிடக்கும் படங்கள் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

நான் அந்தப் பாலத்தை ஃபிலிமில் எடுத்தவன். ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் மீட்டர் கேஜ் வண்டி ஓடிய காலம். பக்கத்துச் சாலைப் பாலத்தில் நின்றால் ரயில் பாலம் கீழே நீளமாகக் கிடக்கும். வண்டி ஊர்ந்துதான் வரும், ஆனால் கடல் காற்று கேமராவை ஆட்டிவிடும், அதனால் ஷட்டர் வேகத்தை 500-க்குக் கீழே (நொடியில் 500-இல் ஒரு பங்கு) இறக்கவே மாட்டேன். அப்போது லேபில் போட்டுத் தந்த பிரிண்ட்டில் வானம் வெறும் வெள்ளை. பல வருடம் கழித்து அதே நெகட்டிவை ஸ்கேன் செய்தபோது அந்த வெள்ளையில் மேகங்கள் இருந்தன. அதைவிடப் பெரிய விஷயம், தூக்குப் பகுதியின் ஓரத்தில் வேலையாட்கள் நின்றிருந்தார்கள். லேப் மெஷின் படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டித்தான் பிரிண்ட் போடும். அந்தப் பாலத்தைத் தூக்கி இறக்கிய மனிதர்கள் அப்படி வெட்டுப்பட்டுப் போயிருந்தார்கள்.

அதனால் வாசகர்கள் முதலில் ஆல்பத்தைத் தேடாமல் நெகட்டிவைத் தேட வேண்டும். பிரிண்ட் வந்த பழைய லேப் கவரின் பின்பக்க மடிப்பில், பட்டர் பேப்பர் உறைக்குள் பெரும்பாலும் அது இருக்கும். ஓரங்களை மட்டும் பிடித்து எடுங்கள். வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அதை ஸ்கேன் செய்வதைத் தள்ளிப் போடக் கூடாது. 35 எம்எம் ஃபிலிமை 3000 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) அளவிலாவது ஸ்கேன் செய்தால்தான் கர்டரின், அதாவது பாலத்தின் இரும்பு உத்திரத்தின், நுணுக்கம் கிடைக்கும்.

நெகட்டிவ் இல்லையா? சரி, பிரிண்ட்டே போதும். 600 டிபிஐயில், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக, ஸ்கேனரில் உள்ள தானியங்கி நிறத் திருத்தம், கூர்மை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எடுங்கள். பழைய கலர் பிரிண்ட் சிவப்பேறிப் போயிருந்தால் அப்படியே ஸ்கேன் செய்து ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியில் நிறத்தைச் சரிசெய்யலாம். ஒட்டும் ஆல்பத்தில் பிடித்துக்கொண்ட படத்தை உரிக்கவே வேண்டாம். பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். பிரிண்ட்டின் பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். தேதியும் ஊரும் அங்கேதான் எழுதியிருக்கும்.

ஸ்கேனர் இல்லாமல் செல்போனில்தான் எடுக்க முடியும் என்றால், ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். மிக நெருங்கி எடுத்தால் லென்ஸ் கோடுகளை வளைத்துவிடும். முகம் வளைந்தால்கூடத் தெரியாது, பாலம் வளைந்தால் உடனே தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்வது நல்லது.

தேதி எழுதாத படத்துக்கும் வழி உண்டு. சாலைப் பாலம் திறந்தது 1988-இல். ஆக, மேலேயிருந்து பக்கவாட்டில் எடுத்த படம் என்றால் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். மீட்டர் கேஜ் தண்டவாளம் தெரிந்தால் 2007-க்கு முன். 1964 டிசம்பர் புயலில் கர்டர்கள் பல கடலுக்குள் போய்விட்டன. கடலிலிருந்து மீட்டவற்றையும் பயன்படுத்தி, ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலத்தை மறுபடி எழுப்பினார்கள். அந்தப் புயலுக்கு முந்தைய படம் யார் வீட்டிலாவது இருந்தால் அது பொக்கிஷம். அதைச் செயலியில் போட்டுப் பளபளப்பாக்கினால் எது பழைய கர்டர், எது செயலி வரைந்தது என்று பொறியாளராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தங்களிடம் இரண்டு கோரிக்கைகள். பழைய பாலத்தின் படத்தை வெளியிடும்போது, எடுத்த ஆண்டு, எடுத்தவர், நெகட்டிவிலிருந்தா பிரிண்ட்டிலிருந்தா என்பதை ஒரு வரியில் போடுங்கள். செயலியில் திருத்திய படம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வெளியிடவே வேண்டாம். அப்புறம், வாசகர்களின் பாம்பன் படங்களைக் கேட்டு வாங்கி, ஞாயிறு இதழில் ஒரு பக்கம் ஒதுக்க முடியுமா? நெகட்டிவ் வைத்துக்கொண்டு ஸ்கேன் செய்யத் தெரியாமல் இருப்பவர்களுக்கு உதவ நான் தயார். ரயிலிலோ படகிலோ இருந்து 1988-க்கு முன்பு எடுத்த படங்களை முதலில் கேளுங்கள். எடுத்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. படத்தில் இருப்பவர் யார், எந்த வண்டி என்று அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்