அம்மாவுக்கும் தம்பிக்குமாக ஒரு நன்றி மடல்

எங்கள் பங்குத்தந்தைக்கும், அருட்சகோதரிகளுக்கும், அண்டை வீடுகள் சேர்ந்த செபக்குழுவாகிய எங்கள் அன்பியத்தாருக்கும், குமரிக் கடற்கரையில் இரயுமன்துறை முதல் நீரோடி வரை எங்கள் துயரத்தில் பங்குகொண்ட கடலோர உறவுகள் அனைவருக்கும்: இயேசுவுக்குப் புகழ்.

அம்மாவின் முப்பதாம் நாள் திருப்பலி சென்ற வாரம் நிறைவேறியது. அடக்கத்துக்கு வந்தவர்களுக்கும், ஒரு மாத காலமாக மாலைதோறும் எங்கள் வீட்டு முற்றத்தில் அமர்ந்து செபமாலை சொன்னவர்களுக்கும் நன்றி கூறவே இம்மடலை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அம்மாவுக்காக மட்டும் நன்றி சொல்லி முடித்துவிட என்னால் இயலவில்லை. 2017 நவம்பர் 30 முதல் எங்கள் குடும்பம் உங்களிடம் பட்டிருக்கும் கடன் ஒன்று இதுவரை வாய்விட்டுச் சொல்லப்படாமலே இருக்கிறது. அம்மா இருந்தவரை அதை எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

ஓகிப் புயல் எழுந்த அந்த நாள், மீனவராயிருந்து ஆண்டவரின் பின்னே சென்ற திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள். தம்பி கொச்சித் துறைமுகத்திலிருந்து தூண்டில் படகில் புறப்பட்டு அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. வயர்லெஸ் எட்டாத ஆழ்கடலில் கிடந்தவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் போய்ச் சேரவில்லை. காற்று தணிந்ததும், தங்கள் தொழிலையும் டீசல் செலவையும் பாராமல் படகுகளை எடுத்துக்கொண்டு தேடிச் சென்ற நம் ஊர் இளைஞர்களை முதலில் நினைக்கிறேன். அவர்களில் பலருக்கும் சொந்த வீட்டிலேயே ஆள் திரும்பாமல் இருந்த நேரம் அது. கேரளத்துப் பிணவறைகளுக்கு ஊர் ஊராக நான் அலைந்த நாள்களில், கொச்சியில் தங்க இடம் தந்து, பெட்டிகளைத் திறந்து காட்டும்போதெல்லாம் என் தோளைப் பிடித்தபடி அருகிலேயே நின்ற இஸ்லாமியப் பெரியவருக்கும் இம்மடல் எப்படியாவது போய்ச் சேர வேண்டும். மரபணுச் சோதனைக்காக அம்மாவிடம் இரத்தம் எடுத்தார்கள். எந்த உடலோடும் அது பொருந்தவில்லை.

உடல் கிடைக்காத சாவை எப்படி அனுசரிப்பது என்று நம் கரையில் யாருக்கும் சொல்லித்தரப்படவில்லை. துக்கமணியை எந்த நாளில் அடிப்பது, ஏழாம் நாளை எதிலிருந்து எண்ணுவது, யாருடைய நெற்றியில் கடைசியாக முத்தமிடுவது என்று ஒன்றும் தெரியாமல் நின்ற வீடுகள் அந்த டிசம்பரில் நம் ஊர்களில் எத்தனையோ இருந்தன. நான் மனத்தளவில் தம்பியை இழந்துவிட்டிருந்தேன். அம்மாவோ, ஏதோ ஒரு தீவில் அவன் கரையேறியிருப்பான் என்றே நம்பினார்கள். ஒரே கூரையின் கீழ் ஒருவர் துக்கத்திலும் ஒருவர் எதிர்பார்ப்பிலும் இருப்பது எவ்வளவு கொடுமை என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

அப்போது எங்கள் பங்குத்தந்தை செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இறந்தவர்களுக்கான திருப்பலியில் தம்பியின் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்க வந்தவரிடம், என் மகன் கடலில் இருக்கிறான் என்று அம்மா சொன்னார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில், கடலுக்குச் சென்றிருப்போருக்கான வேண்டுதலில் தம்பியின் பெயரை வாசித்தார். அந்த ஞாயிறு தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தப் பெயர் அந்த இடத்திலேயே வாசிக்கப்பட்டது. இடையில் அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவரிடம் அவர் என்ன சொல்லிவிட்டுப் போனாரோ தெரியாது, ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை. கோவிலில் கூடியிருந்த உங்களில் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து பதில் சொன்ன குரலைப் பற்றிக்கொண்டுதான் அம்மா வாரத்துக்கு வாரம் நடந்தார்கள்.

யோபுவைக் காண வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்ததாகத் திருநூல் கூறுகிறது. பிறகு அவர்கள் வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவருக்குப் பாரமானார்கள். எங்கள் அன்பியத்துப் பெண்கள் அந்த ஏழு நாள்களோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். இது கடவுளின் திருவுளம் என்றோ, அழுதால் விசுவாசக் குறைவு என்றோ அவர்கள் யாரும் சொல்லவில்லை. இலாசரின் கல்லறை அருகே ஆண்டவரே அழுதிருக்க, அழக்கூடாதென்று சொல்ல நாம் யார் என்று அவர்களில் மூத்த அக்காள் ஒருமுறை கூறியது மட்டும் நினைவிருக்கிறது. மீன் விற்றுவிட்டு வரும் வழியில் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வருவார்கள், அம்மாவோடு இஞ்சி தட்டிப்போட்ட கட்டன் சாயா குடிப்பார்கள், செபமாலையின் துயர மறைபொருள்களைச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு விசுவாசம் திரும்பிய வழியும் அதுதான். நான் கோவிலுக்குள் போகாமல் வெளியே ஆலமரத்தடியில் நின்ற மாதங்களில், என்னை உள்ளே அழைக்காமல் என்னோடு வெளியே நின்ற பாடகர் குழுத் தோழனுக்கு இதைப் படிக்கும்போது புரியும்.

இரண்டாம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ஒரு மாலை, அம்மா யாரிடமும் சொல்லாமல், பக்கத்து வீட்டில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த சிறுமியை அழைத்து, ஒரு காகிதத்தில் தம்பியின் பெயரை எழுதச் சொன்னார்கள். நவம்பர் மாதம் முழுவதும் நினைவுகூரப்படும் இறந்தோரின் பட்டியலுக்கான சீட்டு அது. அம்மாவே அதைப் பங்கு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அன்றைக்கு அவர்களை அந்த வாசல்வரை கொண்டுபோனது, அதுவரை அவசரப்படுத்தாமல் காத்திருந்த உங்கள் பொறுமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடலும் தன்னிடமுள்ள இறந்தோரை ஒப்புக்கொடுக்கும் என்ற திருவெளிப்பாட்டு வாசகத்தை அந்தக் கல்லறைத் திருநாளில்தான் அம்மா முதன்முறையாக அழாமல் கேட்டார்கள்.

இப்போது அம்மாவின் கல்லறையில் தம்பியின் பெயரையும் பொறிக்கப் பங்குப் பேரவை அனுமதி தந்திருக்கிறது. உடலில்லாத ஒருவனுக்கும் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு என்று ஏற்றுக்கொண்ட உங்களுக்குத் தலைவணங்குகிறேன். குழி வெட்டியவர்களுக்கும், அடக்க நாளன்று கடலுக்குப் போகாமல் இருந்தவர்களுக்கும், வெளியூர் உறவினருக்கு உணவளித்த வின்சென்ட் தே பவுல் சபையினருக்கும் எங்கள் நன்றி.

அந்தப் பழைய சீட்டைப் பங்குத்தந்தை நவம்பர் முடிந்ததும் எங்களிடமே திருப்பித் தந்திருந்தார். அம்மா அதைத் தமது விவிலியத்துக்குள் வைத்திருந்தார்கள். இந்த ஆண்டு அதே சீட்டில், தம்பியின் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரை எழுதித் தருமாறு, இப்போது வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளையிடமே கேட்டிருக்கிறேன். எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கும் நன்றி.

ஆண்டவரில் நன்றியுடன்,
மூத்த மகனும் குடும்பத்தினரும்