உன் வீட்டுக்குத் தபால் கார்டுகள் வரும்

துறையூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மல்லி,

நலம்தானே? அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவனுக்கு அம்மை போட்டு, தண்ணி ஊத்தியாச்சு. சுந்தரி போன வாரம் கூப்பிட்டாள், அரைமணி நேரம் உன்னைத்தான் திட்டினாள். அந்தப் புடவை விஷயத்தை இனியாவது முடித்துத் தொலையுங்கள் இரண்டு பேரும். நலம் விசாரிப்பு இத்தோடு போதும். உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, கேட்க ஒரு உதவியும் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு டிராயிங் பீரியடைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் டி! புது ஹெச்.எம். கேட்டவுடனே சரி என்றார். இத்தனை நாள் நாற்பது நிமிஷத்தில் பேப்பர் கொடுத்து, ‘பென்சில் இல்ல மிஸ்’ பஞ்சாயத்தெல்லாம் தீர்ப்பதற்குள் மணி அடித்துவிடும். அதுவும் அரைப்பரீட்சை முடிந்துவிட்டால் போச்சு, டிராயிங் பீரியடைக் கணக்குக்குக் கேட்பார்கள். அப்படிப் போன பீரியட் ஒன்றுகூட எனக்குத் திரும்பி வந்ததில்லை. வரைவதை மட்டும் ஏன் எல்லாரும் மிச்ச நேரத்து வேலையாக நினைக்கிறார்கள்? எனக்கு வயிறு எரிகிறது.

முதல் வெள்ளிக்கிழமை, ‘உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்’ என்றேன். என்ன வந்திருக்கும் என்று உனக்கே தெரியும். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், வளைந்து வரும் ஆறு, சாய்ந்த தென்னை, ஒரு குடிசை. முப்பத்தாறு பிள்ளைகள், ஏறக்குறைய ஒரே படம். எங்கள் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் பச்சைமலை தெரிகிறது மல்லி. அதில் முக்கோணம் எங்கேயும் இல்லை. மழைக்கு முந்தின நாள் ஒரு நீலம், மறுநாள் வேறொரு நீலம். அதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் பேப்பரைக் கொடுத்ததும் காலண்டர் மலையைப் போடுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். எல்.கே.ஜி.யிலிருந்து அதைத்தான் போர்டில் போட்டுக் காட்டுகிறோம். போட்டி என்று வந்தாலும் ஒரு தலைப்பைக் கொடுக்கிறோம். உடனே கண்ணீர் விடும் பூமி உருண்டை, கை முளைத்த மரம்.

அதனால் காலேஜில் தாடி சார் நமக்குச் செய்ததையே செய்தேன். ரப்பரைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பால்பாயிண்ட் பேனா, ஒரு ஏ4 தாள். இடது கையைப் பார்த்து வலது கையால் வரை, தாளைப் பார்க்காதே, பேனாவை எடுக்காதே. நிக்கொலாய்டிஸ் என்பவர் நியூயார்க் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீகில் சொல்லிக்கொடுத்த முறை என்று சார் சொல்வாரே, அதேதான். கண் நகரும் வேகத்தில்தான் பேனா நகர வேண்டும். முதலில் ஒரே சிரிப்பு. கட்டைவிரல் ஒரு பக்கம், மணிக்கட்டு ஒரு பக்கம் என்று கோடு எங்கெங்கோ போயிருந்தது. ஆனால் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தியின் தாளில், ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் இருக்கிற சுருக்கங்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. அதற்குக் கீழே சின்னதாக ஒரு வளைவு. ‘இது என்னம்மா?’ என்றேன். அறுவாள் பட்ட தழும்பு மிஸ் என்று கையைக் காட்டினாள். இத்தனை மாதம் அவளுக்குப் பாடம் எடுக்கிறேன், அன்றைக்குத்தான் அந்தத் தழும்பைப் பார்த்தேன்.

அடுத்து நம்ம ஓவியர் ஆதிமூலம். காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969 வாக்கில் அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களில் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துத் தலைகீழாகக் கொடுத்தேன். அது மூக்கு, இது காது என்று மூளை பேர் சொல்ல முடியாதபோது கண் கோட்டை மட்டும் பார்க்கிறது. முடித்துவிட்டுத் தாளை நேராகத் திருப்பியதும் ஒரு கூச்சல் எழுந்தது பார்! அந்த மனுஷர் பிறந்தது கீரம்பூர், நம்ம திருச்சி மாவட்டம்தான் என்று சொன்னேன். ஓவியர் என்றால் வெளியூர்க்காரர் என்று நினைத்திருந்த முகங்கள் எல்லாம் மாறிவிட்டன.

சார்கோல், அதான் வரைகிற கரி, வாங்கக் காசு இல்லை, நாங்களே சுட்டோம். புளியங்குச்சியை விரல் நீளத்துக்கு வெட்டி, பட்டையைச் சீவி, பால்பவுடர் டின்னில் நெருக்கி நிறுத்தி, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை. மைதானத்து மூலையில் மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டினோம். ஓட்டை வழியாகப் புகை வந்துகொண்டே இருக்கும், அது நின்றால் குச்சி கரியாகிவிட்டது என்று அர்த்தம். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுத் தணலாகிச் சாம்பலாகிவிடும். திங்கட்கிழமை பிரேயருக்கு முன்னால்தான் திறந்தோம். ‘டிங்’ என்று சத்தம் வரும் நல்ல கரி. காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் துணியில் முதல் கோட்டை இந்தப் புளியங்கரியால்தான் போடுகிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கலம்காரி பார்க்கச் சிக்கல்நாயக்கன்பேட்டைக்குப் போன அன்று உன் மூக்கில் இருந்த கரியைப் பற்றிச் சொல்லவில்லை, பயப்படாதே.

அந்தக் கரியை வைத்து வீட்டில் வேலை செய்பவர்களையும் அவர்கள் கையில் இருக்கும் சாமானையும் வரைந்து வரச் சொன்னேன். வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு வரைந்த படங்களைக் காட்டித்தான் ஆரம்பித்தேன். தலைவர்களை விட்டுவிட்டுத் தச்சரையும் தையல்காரரையும் மேளக்காரரையும் அவர் வரைந்தது பிள்ளைகளுக்கு ஆச்சரியம். களைக்கொத்து வந்தது, கொத்தனார் கரண்டி வந்தது, பெடல் தேய்ந்த தையல் மெஷின் வந்தது. பஞ்சர் கடைக்காரர் மகன் கொண்டுவந்ததை நீ பார்க்க வேண்டும். தாள் முழுக்கக் கரியைத் தேய்த்துக் கருப்பாக்கி, ரப்பரால் ஒற்றி ஒற்றி வெளிச்சத்தை எடுத்திருக்கிறான். தண்ணீர்த் தொட்டி, அதில் அமுக்கிய டியூப், அமுக்குகிற இரண்டு கைகள், ஓட்டையிலிருந்து வரிசையாக மேலே ஏறும் குமிழி. குமிழி மேலே வர வரப் பெரிதாகிறது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். ‘உக்காந்து பாத்தேன் மிஸ்.’

அவன்தான் கேட்டான், ‘போன்ல சொன்னா அதுவே படம் போட்டுத் தருதே மிஸ், நாம எதுக்கு வரையணும்?’ உன் ஸ்டூடியோவில் ஆட்களைக் குறைத்ததாகப் போன தடவை பேசும்போது சொன்னாயே, அதிலிருந்து இந்தக் கேள்வி எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலை கிடைக்கும் என்று அவனிடம் வாக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பன்னிரண்டாவது முடித்து நம்ம காலேஜுக்கே வா என்று சொல்லவும் நாக்கு வரை வந்து நின்றுவிட்டது. ‘அந்தக் குமிழியைப் போன் பார்க்கல, நீ பார்த்தே’ என்றேன். அது உண்மை. அவனுக்கு அது போதுமா? நீ அந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறவள், எனக்கு ஒளிக்காமல் எழுது.

இப்போது உதவி. நந்தலால் கையளவு அட்டையில் வரைந்து மாணவர்களுக்கு அனுப்புவார். அதை எங்கள் பிள்ளைகளும் செய்யப் போகிறார்கள், உனக்கு! தபால் கார்டு இன்னும் ஐம்பது காசுதான். தினமும் பார்க்கிற ஒரு பொருளையோ இடத்தையோ வரைய வேண்டும், பெயர் எழுதக் கூடாது. துறையூரையே பார்க்காத மல்லிகா அக்கா படத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இதுவரை அவர்கள் வரைந்தது எல்லாம் என் மார்க்குக்கு. ஊர் பேர் தெரியாத ஒருத்திக்குப் புரிய வேண்டும் என்றதும் என்னென்ன கேள்வி வருகிறது தெரியுமா? ‘அடிபம்புன்னு தெரியணும்னா தண்ணியும் போடணுமா மிஸ்?’, ‘அவங்க ஊர்ல இந்த மாதிரி திண்ணை இருக்குமா?’

எல்லாருக்கும் நீ பதில் போட வேண்டும். ‘சூப்பர்’, ‘அருமை’ என்று எழுதினால் நான் பெங்களூருக்கே வந்து சண்டை போடுவேன். நீ பார்த்த ஒன்றைச் சொல், புரியாத ஒன்றைக் கேள். கார்டின் பின்பக்கம் உன் தெருவிலிருந்து ஒரு பொருளை வரை, உன் கையால், மையில். ஸ்கிரீனிலேயே வரைந்து பழகிவிட்டாய். கார்டில் கன்ட்ரோல் இசட் கிடையாது, இப்போதே பழகிக்கொள். ஒரேயடியாக முப்பத்தாறு அனுப்பி உன்னை மூச்சு முட்ட வைக்க மாட்டேன், வாரத்துக்கு ஐந்தாறாகப் போடச் சொல்கிறேன்.

கரி தபாலில் அழிந்துவிடும் என்பதால் எல்லாரும் இண்டியன் இங்க்தான். மழையில் நனைந்தாலும் நிற்கும். உன் புது வீட்டு முகவரியைப் பின்கோடோடு வியாழக்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் போடு. மாடி எண்ணையும் சேர்த்து எழுது. கார்டு எல்லாம் வாங்கி வைத்தாயிற்று, வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கிறோம்.

அன்புடன்,
தேனு