கொலோன் மேயரின் மனு

அன்புள்ள செயலாளருக்கு,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி என் ஜெர்மன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறாள், முழங்கால் பழைய முழங்கால்தான். நீ கொடுத்தனுப்பிய மிளகாய்ப்பொடி பாதி டப்பா காலி.

எழுத உட்கார்ந்த காரணம் ஒரு மேயர். சிரிக்காதே. முப்பது வருடம் சேர்மன்களுக்குக் கோப்பு தூக்கியவனுக்கு வேறு என்ன ருசிக்கும்?

மகள் வீட்டுப் பக்கம் மரங்களும் புல்வெளியுமாக ஒரு பூங்கா ஊரை அரைவட்டமாக வளைத்துக்கொண்டு போகிறது. முன்பு கோட்டை அரண் இருந்த நிலம். முதல் உலகப் போரில் தோற்றதும் அரண்களை இடிக்க வேண்டியதாயிற்று. நகருக்கு நடுவே அவ்வளவு காலி மனை! நம் கவுன்சிலர்கள் கையில் கிடைத்திருந்தால் ஒரே வாரத்தில் பிளாட் போட்டிருப்பார்கள். இந்த ஊர் மேயர் அதைப் பூங்காவாக்கினார். பெயர் கொன்ராட் அடினாவர். ஆமாம், பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் ஆனாரே, அவரேதான். சான்சலர் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது மேயர் கதை.

1917இல் 41 வயதில் பதவி ஏற்றபோது மன்னராட்சி. மறு வருடமே ஜெர்மன் மன்னர் கெய்சர் ஓடிவிட்டார். தொழிலாளர், சிப்பாய்கள் குழு ஊரைக் கையில் எடுத்தது. இவர் அவர்களோடும் ஒத்துப்போய் வேலையைப் பார்த்தார். அடுத்த மாதம் பிரிட்டிஷ் பட்டாளம் வந்து 1926 வரை உட்கார்ந்திருந்தது. அவர்களோடும் அதே கதைதான். போர்ப் பஞ்சத்தில் மக்காச்சோளம் கலந்து ஒரு ரொட்டி செய்து அதற்குக் காப்புரிமையே வாங்கிய ஆள்! பல்கலைக்கழகம், கண்காட்சி வளாகம், பாலம் என்று கட்டிக்கொண்டே போனார், கடனும் ஏறிக்கொண்டே போனது. ஊரின் ஒரு பகுதியான ம்யூல்ஹைமில் தொங்குபாலம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். கம்யூனிஸ்ட் கவுன்சிலர்களின் ஓட்டு தேவை. "லெனின்கிராடில் அருமையான தொங்குபாலங்கள் இருக்கின்றன" என்று அவர்கள் காதில் போட்டார், தீர்மானம் நிறைவேறியது என்று ஒரு கதை. உன் ஆட்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

அப்புறம் 1933. பிப்ரவரியில் ஹிட்லர் பிரசாரத்துக்கு வந்தபோது மேயர் விமான நிலையத்துக்கு வரவேற்கப் போகவில்லை. பாலத்தில் கட்டியிருந்த ஸ்வஸ்திகா கொடிகளை இறக்கச் சொன்னார். மார்ச் 12 நகராட்சித் தேர்தல். மறுநாள் இவருக்கு நாற்காலி இல்லை. பள்ளித் தோழர் மடாதிபதியாக இருந்த மரியா லாக் மடத்தில் போய் ஒதுங்கினார்.

இதுவரை நல்ல கதை. இனிதான் எனக்குத் தூக்கம் போனது.

1934 ஆகஸ்டில் அதே மனிதர் பிரஷ்ய மாநில உள்துறை அமைச்சருக்கு ஒரு மனு போட்டிருக்கிறார். பென்ஷனுக்காக. "நாஜிக் கட்சியை நான் எப்போதும் முறையாகவே நடத்தினேன். மேலிடத்து உத்தரவை மீறி நகராட்சி விளையாட்டு மைதானங்களை அவர்களுக்குக் கொடுத்தேன். நகராட்சிக் கம்பங்களில் அவர்கள் கொடியை ஏற்ற விட்டேன்" என்கிற தோரணையில் பக்கம் பக்கமாக. அதற்கு ஆறு வாரம் முன்புதான் அவரைப் பிடித்துக்கொண்டு போய், பிறகு வெளியே விட்டிருந்தார்கள். வீட்டில் ஏழு பிள்ளைகள்.

மருமகன் சொன்னதும் எனக்குக் கோபம் வந்தது. "கொடியை இறக்கினவனா இப்படி எழுதினான்?" என்று கத்தினேன். ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. அந்த நடை எனக்குப் பழக்கமான நடை. 'நான் எந்நாளும் விசுவாசமாகவே பணிபுரிந்து வந்துள்ளேன்.' வேலைநிறுத்தத்துக்கு அப்புறம் நான் எழுதிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? நீ கையெழுத்துப் போடாமல் பதினோரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தாய். நான் திங்கட்கிழமையே சீட்டுக்குப் போய்விட்டேன். இத்தனை வருடத்தில் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்டா.

மனுவோடு அவர் கதை முடியவில்லை. 1944இல் ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சிக்குப் பின் மறுபடி கைது. அடைத்து வைத்த இடம் எது தெரியுமா? அவர் கட்டிய கண்காட்சி வளாகம். வெளியூர் முகாமுக்கு அனுப்பும் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது என்று எச்சரித்துக் காப்பாற்றியவர் ஒரு கம்யூனிஸ்ட் கைதி (சந்தோஷப்படு). நோய் என்று ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து தப்பினார். ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அவர் மனைவியைப் பிடித்து, மகள்களைக் காட்டி மிரட்டி, ஒளிந்திருந்த இடத்தைக் கறந்துவிட்டது. அந்த அம்மாள் சிறையில் தற்கொலைக்கு முயன்றார். 1948இல் இறந்தார். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

1945 மே மாதம் அமெரிக்கர்கள் இவரைத் தேடிப்பிடித்து மறுபடி மேயராக்கினார்கள். ஊரே கல்மேடு. ஜூனில் பொறுப்புக்கு வந்த பிரிட்டிஷ்காரர்கள் அக்டோபரில் ஒரு பிரிகேடியர் கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்: இடிபாடு அகற்றும் வேலையில் சுறுசுறுப்பு போதாதாம். உள்ளே இன்னொரு சங்கதி. குளிருக்கு விறகு வேண்டும், பூங்கா மரங்களை வெட்டு என்றார்கள். நிலக்கரியைக் கொடுங்கள், மரத்தில் கை வைக்க மாட்டேன் என்றார் கிழவர். வயது 69. பென்ஷனுக்காக அப்படி எழுதியவர், மரத்துக்காக நாற்காலியை விட்டார். இதை எந்தக் கோப்பில் சேர்ப்பது, சொல்லு.

அந்த இடிபாடுகளைக் கொட்டியே பூங்காவுக்குள் ஒரு குன்று எழுப்பியிருக்கிறார்கள். இப்போது அதன்மேல் புல்லும் மரமும். தினமும் ஏறுகிறேன், பாதியில் மூச்சு வாங்குகிறது.

தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன். நீ எதையும் தூக்கிப் போடாதவன். சங்கத்துப் பழைய கோப்பில் என் கடிதத்தின் நகல் கட்டாயம் இருக்கும். தேடி எடுத்து வை. கிழிக்க மாட்டேன், பயப்படாதே. நீ பக்கத்தில் இருக்கும்போது ஒரு தடவை படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மிளகாய்ப்பொடி இன்னொரு டப்பா அரைத்து வைக்கச் சொல்.

உன்
குமாஸ்தா