சனிக்கிழமை மின்னல் படம் எடுக்க வருகிறவர்களுக்கு

வணக்கம். மேகம் கட்டினால் சனிக்கிழமை செஞ்சி போகிறோம். கோடையில் பகல் சூடு ஏறி மாலையில்தான் இடிமேகம் திரளும் என்பதால் மூன்று மணிக்குக் கிளம்பினால் போதும்.

ராஜகிரிக் கோட்டை மலையும் வயல்வெளியும் சேர்ந்து தெரிகிற இடம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வானத்தில் வெறும் கோடு மட்டும் இருந்தால் எனக்குப் பிடிப்பதில்லை. கீழே கோட்டை இருந்தால்தான் அது செஞ்சி மின்னல்.

இருட்டியதும் கேமராவில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 15 முதல் 20 வினாடி. தூரத்து விளக்கு ஒன்றில் ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். மின்னலைப் பார்த்த பிறகு அமுக்கினால் கிடைக்காது, விடாமல் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. கேமராவை முக்காலியோடு விட்டுவிட்டு காரில் ஏறி, கண்ணாடியை மூடிவிடுங்கள். பனைமரம், புளியமரத்தடி, பம்புசெட் கொட்டகை எதுவும் வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் இறங்க வேண்டும்.

பைக்கில் வர நினைப்பவர்கள் வெள்ளி இரவுக்குள் சொல்லுங்கள், காரில் இடம் வைக்கிறேன்.