வல்லாரைச் சாறும் நாலரை மணி நேரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மஞ்சளில் உள்ள குர்குமின் பக்கவாதத்தின்போது மூளைச் செல்களைக் காப்பாற்றுகிறது என்று சென்ற இதழின் மூலிகைக் கட்டுரையில் படித்தேன். அந்தச் சோதனைகளில் காப்பாற்றப்பட்டது பெரும்பாலும் எலியின் மூளை. கட்டுரையில் எலி என்ற சொல்லே இல்லை.

எலியிடம் ஜெயித்து மனிதரிடம் மண்ணைக் கவ்விய பக்கவாத மருந்துகள் ஏராளம். குர்குமினில் இன்னொரு வம்பும் உண்டு. சாப்பிட்டதில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே உருமாறிவிடும். ரத்தத்தில் சேருவதே சொற்பம், மூளைக்குப் போவது அப்புறம்.

செடிகொடியிலிருந்து மருந்தே வராது என்று சொல்லவில்லை. செலரி விதையில் கண்டெடுத்த பியூட்டைல்தாலைடு சீனாவில் 2002 முதல் பக்கவாத மருந்தாக இருக்கிறது. 2023-ல் வெளியான ஆய்வில் 1,216 நோயாளிகள்; 90 நாளில் நல்ல நிலைக்குத் திரும்பியவர்கள் அந்த மருந்தோடு 56.7 சதவீதம், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்தோடு 44 சதவீதம். சின்ன வித்தியாசம் இல்லைதான். ஆனால் அத்தனை பேரும் ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி சேர்ந்து, ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியோ, குழாய் விட்டு உறைவை எடுக்கும் சிகிச்சையோ பெற்றவர்கள். செலரி சூப் குடித்துவிட்டு வீட்டில் படுத்திருந்தவர்கள் இல்லை.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு என் மாமியார் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. ‘வல்லாரை மூளைக்கு நல்லதுடி’ என்று பக்கத்து வீட்டு அக்கா கொல்லையில் பறித்து, அரைத்துப் பிழிந்து கொண்டுவந்தார். நான்தான் ஸ்பூனில் புகட்டினேன். பாதி கடைவாயில் வழிந்து ரவிக்கையை நனைத்தது. மீதி புரையேறியது. பக்கவாதம் வந்தால் விழுங்கும் சக்தியும் போகலாம், வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் இறங்கலாம் என்று அன்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி சேரும்போது மணி ஒன்று. டாக்டர் முதலில் கேட்டது, “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?” ஏழு என்றேன். உறைவைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்காம். அவர் பதில் பேசாமல் ஸ்கேன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்: வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடவும். வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், தண்ணீர் உட்பட.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்