மிசிசிப்பியை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மாநில ஆவணக் காப்பகங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆளுநர்களின் கடிதங்கள், உள்நாட்டுப் போர் வீரர்களின் நாட்குறிப்புகள், பழைய நில வரைபடங்கள் என்று நல்ல தகவல்கள். ஆனால் மிசிசிப்பியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. ஜாக்சன் நகரில் உள்ள அந்த மாநிலக் காப்பகத்தில், அரசு தன் மக்களையே வேவு பார்த்த கோப்புகள் இருக்கின்றன.

கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வந்துவிடக் கூடாது என்று 1956-ல் மிசிசிப்பி சட்டமன்றம் 'மாநில இறையாண்மை ஆணையம்' என்ற அமைப்பை உருவாக்கியது. வாக்குரிமை கேட்டவர், கூட்டத்துக்குப் போனவர், அவர்களோடு பழகியவர் என்று எல்லோர் பெயரிலும் குறிப்பு எழுதினார்கள், அதுவும் மக்களின் வரிப்பணத்தில். 1977-ல் ஆணையத்தைக் கலைத்தபோது, 2027 வரை யாரும் பார்க்கக் கூடாது என்று கோப்புகளுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அவற்றைத் திறக்கக் கோரிய வழக்கு இருபது ஆண்டுக்கு மேல் இழுத்து, 1998 மார்ச்சில்தான் அவை திறக்கப்பட்டன.

அதில் கிளைட் கென்னார்ட் பற்றிய கோப்பு ஒன்று போதும். கென்னார்ட் கறுப்பினத்தவர், ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்தவர். சிகாகோவில் படித்துக்கொண்டிருந்தவர், ஊர் திரும்பி ஹாட்டிஸ்பர்க் அருகே கோழிப்பண்ணை நடத்தினார். விட்ட படிப்பை முடிக்க, பக்கத்தில் இருந்த வெள்ளையர் கல்லூரியில் இடம் கேட்டார். அவ்வளவுதான், ஆணையத்தின் துப்பறிவாளர் வந்துவிட்டார். ஊரில் அவர் விசாரித்த எல்லோரும் கென்னார்டை நல்ல மனிதர், படித்தவர் என்றே சொன்னார்கள். அதையும் எழுதி வைத்திருக்கிறார். கென்னார்டின் கார் மேல் ரயில் மோதலாம், நெடுஞ்சாலையில் விபத்து நடக்கலாம், யாருக்கும் தெரியாது என்று உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் பேசியதும் அதே கோப்பில் பதிவாகியிருக்கிறது. கடைசியில் 25 டாலர் மதிப்புள்ள ஐந்து மூட்டை கோழித் தீவனத் திருட்டில் அவரைச் சிக்கவைத்து, 1960-ல் ஏழு ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தார்கள். சிறையில் புற்றுநோய் முற்றி, விடுதலையான சில மாதங்களில் 1963-ல் இறந்துபோனார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவரே பின்னாளில், கென்னார்டுக்கும் அந்தத் திருட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றார். 2006-ல் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. படிக்கப் படிக்க நெஞ்சு பதறுகிறது.

கோப்புகளைத் திறப்பதில் ஒரு நியாயமான தயக்கமும் இருந்தது. வேவுக்காரர்கள் எழுதியதில் வதந்தியும் அவதூறும் நிறைய. அவற்றை அப்படியே வெளியிட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்கே மறுபடியும் தீங்கு என்று, உரிமைப் போராட்டத்தில் இருந்தவர்களே சிலர் வாதாடினார்கள். அதனால், பெயர் இடம்பெற்றவர்கள் வேண்டினால் மறைத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே பத்திரிகைகளில் அறிவிப்புக் கொடுத்தார்கள். அது சரியான ஏற்பாடு என்பதே என் எண்ணம். மறைக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு இருக்கட்டும். வேவு பார்த்த அரசுக்கு அது கூடாது.

இப்போது 1,30,000-க்கும் மேற்பட்ட பக்கங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். கென்னார்ட் என்ற பெயரைத் தேடினால், தட்டச்சு செய்த அந்த அறிக்கைகளையே யாரும் வாசிக்கலாம். கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், அடுத்த பகுதியில் மிசிசிப்பிக்கு இடம் ஒதுக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்