கற்குவியலா கல்வாரிகள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சின் பிரிட்டனிப் பகுதியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரை, அங்குள்ள மாதா கோயில் முற்றங்களில் நிற்கும் கல்வாரிகளை, அதாவது இயேசு சிலுவையில் அறையப்பட்ட காட்சியைச் சொல்லும் கற்சிற்பத் தொகுதிகளை, "ஏழைக் குடியானவர்களை மிரட்டி வைக்க எழுப்பிய கற்குவியல்" என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டது. அந்தக் கற்குவியல்களுக்கு நடுவே ஃபினிஸ்தேர் மாவட்டத்தில் குடும்பத்தோடு வாழ்ந்துவரும் வாசகன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஏழைகள் என்று கட்டுரையாளருக்கு யார் சொன்னார்கள்? 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்குள்ள லெயோன் வட்டாரத்து ஊர்கள் ஆளிநார்த் துணி நெய்து, இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிக் காசு பார்த்தவை என்பது தாங்கள் அறியாததல்ல. அந்தப் பணத்தில் ஊருக்கு ஊர் போட்டி போட்டுக்கொண்டு கட்டியதால்தான், 1581 முதல் 1588 வரை வேலை நடந்த கிமிலியோ என்ற ஊரின் கல்வாரியில் இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. இயேசுவை இழுத்துச் செல்லும் படைவீரர்கள் எருசலேமின் உடையில் அல்ல, செதுக்கியவர் காலத்துச் சட்டையிலும் தொப்பியிலும் இருக்கிறார்கள். ஒரு மூலையில் இவ்வூர்ப் பழங்கதைகளில் வரும் கத்தெல் கொலெத் என்ற பெண்ணைப் பேய்கள் நரகத்தின் வாய்க்குள் தள்ளுகின்றன. மிரட்டல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் புளூகாஸ்தெல் கல்வாரியை 1602 முதல் 1604 வரை எழுப்பிய ஊரார், 1598இன் கொள்ளைநோய்க்குத் தப்பிப் பிழைத்ததற்கு நன்றி சொல்லவே எழுப்பினார்கள்; அது எந்தக் கணக்கில் மிரட்டல்? 1944இல் போரில் சிதைந்த அதைச் சீரமைக்க, ஜான் ஸ்கில்டன் என்ற அமெரிக்க அதிகாரி தம் நாட்டில் நிதி திரட்டினார். கற்குவியலுக்காகவா?

பர்தோன் எனப்படும் ஊர்த் திருவிழாவன்று கனமான பூவேலைக் கொடிகளைத் தூக்கி வருபவர்கள், கோயில் வாசல் நிலையில் இடிக்காதபடி அவற்றைச் சாய்த்து, மூச்சுப் பிடித்து நுழைவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் மாதா கோயிலுக்கே போகாத ஒரு முதியவர், கல்வாரிப் படியில் முளைக்கும் களையைத் தாமாகவே பிடுங்கிப் போடுவார். இவற்றையெல்லாம் பேருந்து ஜன்னல் வழியே பார்க்க முடியாதுதான்.

இது முதல்முறையும் அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூத்த, பிரிட்டனியிலேயே உள்ள கார்னாக் நெடுங்கற்களையும் இந்தக் கல்வாரிகளையும் ஒரே காலத்தவை போல முன்பொருமுறை எழுதியிருந்தீர்கள். அதைச் சுட்டி நான் அனுப்பிய கடிதத்துக்குத் தங்கள் பக்கங்களில் இடமில்லாமல் போயிற்று. இராசிபலனுக்கு மட்டும் எப்போதும் இடம் இருந்துவிடுகிறது.

இப்போதும் பெரிதாக எதையும் கேட்கவில்லை. கட்டுரையோடு வந்த படம் கிமிலியோ கல்வாரியினுடையது. அடியில் புளூகாஸ்தெல் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த ஊர்ப்பெயரை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
ஃபினிஸ்தேர், பிரான்சு